ஒரு சாணும் நாலு விரலும்

— திருப்பிச் சொல்லுங்கோ. எவ்வளவு தூரம்?

— ஒரு சாணும் நாலு விரலும். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேக்கிற மாதிரி எத்தினை தரம் கேப்பீர் ஞானேஸ்? காரிலை ஏறினதிலையிருந்து இது நாலாந்தரம்.

— நாப்பது தரமும் கேப்பன். மகளின்ரை அடிமட்டத்தை வைச்சு அளந்து பாத்தனான். முப்பது சென்ரிமீற்றர் எண்டா உங்கடை கையாலை ஒரு சாணும் நாலு விரலும். பெற்றோல் எஞ்சின் அதுக்குக் கிட்ட வந்தா நெஞ்சுக்கை வைச்ச பேஸ்மேக்கர் குழம்பிப்போகும். ஆஸ்பத்திரியிலை தந்த புத்தகத்திலை சிவப்பு எழுத்திலை போட்டிருக்கு. இண்டைக்கு வாங்கப்போற இலை ஊதுற மெசினைப் பேர் சொல்லியே போட்டிருக்கு.

— புத்தகம் எண்டா எல்லாத்தையும்தான் போடுவாங்கள். அடுப்புக்குக் கிட்டப் போகாதை, போனைச் சட்டைப் பையிலை வைக்காதை. மனிசிக்குக் கிட்டப் போகாதை எண்டு எங்கையாவது கிடந்ததோ? வடிவாப் பாத்தனீரோ?

— பகிடி விடாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு. பெட்டி வைச்சு இன்னும் ரெண்டு மாசம் ஆகேல்லை. காலமை எழும்பினா முகம் கழுவ முதல் உங்கடை நெஞ்சு ஏறி இறங்குதோ எண்டுதான் பாக்கிறன். ஏறி இறங்கினாத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போறன்.

— உயிரோடைதான் இருக்கிறன். இடக்கையைத் தலைக்கு மேலை தூக்கத்தான் பயமா இருக்கு. மற்றும்படி ஒண்டுமில்லை.

— இஞ்சருங்கோ, மகேந்திரனுக்கு உண்மையைச் சொன்னா என்ன? இப்பிடி இப்பிடி, நெஞ்சிலை பெட்டி வைச்சிருக்கு, எனக்குப் பற்றரி மெசின் காணும் எண்டு. ஒரு வசனம்.

— சொல்லும். சொல்லிப்போட்டு வீட்டுச் சாமானைக் கட்டும். அவரின்ரை மச்சான் பாலச்சந்திரன் ஒரு வருசமா என்னை மாதிரிக் கட்டடம் பாக்கிற ஹவுஸ்வார்ட் வேலை தேடித் திரியிறான். வீட்டோடை வாற வேலைதான் வேணுமாம்.

— மகேந்திரன் அப்பிடிச் செய்யிற ஆளே?

— ஆள் தங்கமான ஆள். பக்கத்து மூண்டு கட்டடத்தையும் பாத்துக்கொண்டு, எனக்கு லீவெண்டா என்ரை படியளையும் கூட்டிவிடுறார். ஆனா அந்த வாய்? வெள்ளிக்கிழமை கோயிலிலை சொன்னா, திங்கக்கிழமை கட்டடத்தை நிர்வகிக்கிற ஃபெர்வால்டுங் கந்தோரிலை கேக்கும். வேலையும் வீடும் தந்த கந்தோர், திருப்பி எடுக்கிறதும் அதுதான்.

— வருத்தக்காரரை அப்பிடி வேலையாலை கலைக்கேலாதாம். சட்டம் இருக்கெண்டு ஹரிஷா சொல்லுறாள்.

— ஹரிஷா இஞ்சை பிறந்த பிள்ளை, அவளுக்குச் சட்டத்திலை நம்பிக்கை. எங்களுக்கு முதல் இருந்த அந்தப் போத்துக்கல்காரனை நினைச்சுப் பாரும். முழங்காலிலை ஒப்பரேசன் எண்டு கடதாசி குடுத்தான். ஆறு மாசத்திலை வீடு காலி. வேலையோடை வந்த வீடு வேலையோடை போகுமாம். அவன்ரை சோபாவை ஒரு பக்கம் பிடிச்சு இறக்கிக் குடுத்தது நான்தான். இறக்கிப்போட்டு அதே படியாலை எங்கடை சாமானை ஏத்தினனான். ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஆடி மாசம்.

— எனக்கு ஞாபகமில்லையே? ஊரிலை நடந்ததுக்கு அழுதழுது கோப்பை அடுக்கினனான். ஹரிஷாவுக்கு அப்ப ஏழு வயசு. தனக்கெண்டு ஒரு அறை கிடைச்ச சந்தோசத்திலை அவள் மட்டும்தான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சவள்.

— பத்து வருசமாச்சு. அந்தப் படியைக் கூட்டேக்கை இண்டைக்கும் அவன்ரை முகம் வரும். இனி நான் இறங்கிற நாள் வந்தா ஆர் என்ரை சோபாவை ஒரு பக்கம் பிடிக்கிறது எண்டும் யோசிப்பன். அதுக்குத்தான் சொல்லுறன், வாயைத் திறக்காதையும்.

— சரி, திறக்கேல்லை. மகேந்திரன் வானை நிப்பாட்டிப்போட்டு வாறார். கவனம், கடை வாசலிலை களவு பிடிக்கிற தூண் ரெண்டு நிக்கும். அதுக்கு நடுவிலை நிண்டு கதைக்கக்கூடாது, விறுவிறெண்டு நடந்து போகவேணும் எண்டு டொக்டர் சொன்னவர்.

— தெரியும். போனும் வலப்பக்கப் பொக்கற்றுக்கை. போதுமோ?

— வணக்கம் குகண்ணை, வணக்கம் அக்கா. என்ன, காருக்குள்ளை பட்டிமன்றமோ? கண்ணாடிக்காலை பாத்துக்கொண்டு வாறன், அக்கா ஒரு சாண் பிடிச்சுக் காட்டுறா.

— அது ஒண்டுமில்லை மகேந்திரன். உவ மீன் வாங்கினவ, அதின்ரை அளவு சொல்லுறா.

— வாங்கின மீனெண்டா மத்தியானம் வருவன், விளங்குதோ. அது சரி, ஜேர்மனி எப்பிடி அண்ணை? மச்சாள் வீட்டிலை ரெண்டு கிழமை நிண்டுபோட்டு வந்தியள், ஒரு கதையும் இல்லை. ஆளும் நல்லா மெலிஞ்சு போனியள். அங்கை சோறு தரேல்லையோ?

— சும்மா ஓய்வா இருப்பமெண்டு போனது. கதை என்ன கதை.

— ஓம் ஓம். ஓய்வெடுத்தாலும் சிலபேர் மெலியிறதுதான். சரி, வாங்கோ போவம், நான் முன்னுக்குப் போய்த் தள்ளுவண்டில் எடுக்கிறன்.

— பாத்தியளே, நாங்கள் போகாத ஜேர்மனியைப் போட்டு என்ன துருவு துருவுறார்? அவருக்கு ஏதோ மணந்திட்டுது.

— துருவட்டும். அவர் மூண்டு வருசத்துக்கு முதல் கனடாவுக்கு, தங்கச்சியின்ரை மகளின்ரை கலியாணத்துக்குப் போனாரே, ஒரு படம் காட்டினவரே? நாங்கள் கேட்டனாங்களே? அதை மாதிரி எங்களையும் விடவேண்டியதுதானே.

— படமோ? கனடாவிலையிருந்து கொண்டந்தது எண்டு ஹரிஷாவுக்கு ஒரு சொக்கிலேற் பெட்டி தந்தவர். திருப்பிப் பாத்தா எங்கடை வின்டர்தூர்ச் சந்தியிலை இருக்கிற கடையின்ரை ஸ்ரிக்கர் ஒட்டிக் கிடக்கு. அங்கை காசு செலவழிக்க மனம் வராமல் இஞ்சை வந்து வாங்கின கஞ்சன்.

— மெல்லக் கதையும். தூணடிக்கு வந்திட்டம். ஆளைப் பாரும், ஆரோ கலைக்கிற மாதிரி ஓடி உள்ளுக்கை போட்டார்.

— அவருக்கு எப்பவும் அவசரம்தானே. நீங்களும் ஓடுங்கோ. நிக்காதேங்கோ. கால் எட்டி வையுங்கோ.

— வந்திட்டன், வந்திட்டன். கையை விடும், சனம் பாக்குது.

— இஞ்சாலை அண்ணை. தோட்டச் சாமான் எல்லாம் இந்தப் பக்கம். நேற்றுக் கந்தோராலை எனக்குப் போன் அடிச்சவை. உங்கடை மெசினும் போன மாசம் செத்துப்போச்சாம், என்ரை மெசின் மூண்டு வருசமாப் பழுது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாங்கவேணுமாம். ஒருத்தன்ரை பழுதாப்போனா மற்றவன்ரையைப் பாவிக்கலாம் எண்டு.

— ஓம், எனக்கும் சொன்னவை. எது எண்டு சொன்னவையோ?

— சொன்னவை. இதுதான். முதுகிலை போடுற பெற்றோல் மெசின்.

— முதுகிலையோ?

— ஓம் அக்கா. பள்ளிக்கூடப் பை மாதிரி. எஞ்சின் பின்னுக்கு, குழாய் முன்னுக்கு. போன வருசம் நாலாம் மாடி மனிசி ஈர இலையிலை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சதல்லோ. அதிலையிருந்து கந்தோருக்கு இலையெண்டாலே பயம். பெரிசா வாங்கு, பலமா வாங்கு எண்டு நிக்கினம்.

— அங்கை பற்றரியிலை ஓடுறதும் கிடக்குத்தானே தம்பி. சத்தமும் குறைவாம். பெற்றோல் மணமும் இல்லை.

— நானும் அதைத்தான் யோசிச்சனான் அக்கா. என்ரை கட்டடத்திலை ஒரு நேர்ஸ் இருக்கிறா, இரவு வேலை, பகலிலைதான் நித்திரை. போன முறை புல்லு வெட்டேக்கை யன்னலைத் திறந்து கத்தினவ. பற்றரி எண்டா ஒருத்தருக்கும் இடைஞ்சலில்லை. நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?

— பற்றரி எங்கடை மரங்களுக்குக் காணுமே? ஆறு பெரிய மரம் கொட்டுது. அதை வைச்சு மேசைத் தூசிதான் ஊதலாம். பெற்றோலிலைதான் வேலை நடக்கும்.

— அதுவும் சரிதான். பெற்றோலிலைதான் பலம், விளங்குதோ. ஆம்பிளையள் தூக்குற சாமான். கந்தோர் சொன்னபடியே வாங்குவம். நான் போய் விக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்.

— உங்களுக்கு என்ன விசரே? அவர் தானா இறங்கி வந்தவரல்லோ. பற்றரி எண்டு அவரே சொன்னவரல்லோ. ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்.

— சும்மா இரும் ஞானேஸ். வாயைக் கிண்டிப் பாக்கிறார். நான் ஓம் எண்டா, ஏனண்ணை பெற்றோலுக்குப் பயப்பிடுறியள் எண்டு அடுத்த கேள்வி வரும். மூண்டு வருசமா அந்த மனிசன் மெசின் பழுதெண்டு சொல்லிப்போட்டு விளக்குமாறும் வாரியுமாத் தனியக் கூட்டுறார். ஒரு நாள் வேலையை மூண்டு நாள் செய்யிறார். ஏனெண்டு நினைக்கிறீர்? கந்தோருக்குத் தன்னை நல்ல வேலைகாரன் எண்டு காட்டத்தான்.

— அவர் எதைக் காட்டினாலும் எனக்கென்ன? அந்த எஞ்சின் உங்கடை முதுகிலை ஏறினா நெஞ்சுக்கும் அதுக்கும் இடையிலை ஒரு சாண் கூட இல்லை. நான் கையை வைச்சுப் பாத்திட்டன். இஞ்சை பாருங்கோ, முதுகிலையிருந்து தோளுக்கு. ஒரு சாணுக்கும் குறைய.

— கந்தோருக்கு வாங்குவம். வாங்கி நிலவறையிலை வைச்சிட்டு நான் விளக்குமாறாலை கூட்டுறன். இண்டைக்கு மெசினைத் தள்ளுவண்டிலிலை ஏத்தினாக் காணும், முதுகிலை ஏத்தத் தேவையில்லை.

— சத்தியமா?

— சத்தியம். வாறாங்கள், கண்ணைத் துடையும்.

— குகண்ணை, இந்தப் பிள்ளை சொல்லுறதைக் கேட்டியளே? வாங்க முதல் போட்டுப் பாக்கவேணுமாம். ஆளின்ரை உயரத்துக்கு வார் சரிப்படுத்தவேணுமாம். பின்முற்றத்திலை இலை கொட்டி வைச்சிருக்கினம், ஸ்ராட் பண்ணி ஊதியும் பாக்கலாமாம்.

— அதெல்லாம் என்னத்துக்கு? மெசின் மெசின்தானே. பெட்டியோடை தாங்கோ எண்டு சொல்லும்.

— சொன்னனான். விடுறாளில்லை. பிறகு சரியில்லையெண்டு திருப்பிக் கொண்டந்தா கரைச்சலாம். வாங்கோ, ஒருக்காப் பாத்திட்டு வருவம்.

— சரி, நீர் முதல் போட்டுப் பாரும் மகேந்திரன்.

— ஐயோ இல்லையண்ணை, நீங்கள் மூத்தவர். நீங்கள் முதல்.

— நீர்தானே ஆள் கட்டுமஸ்து. உமக்குச் சரியெண்டா எனக்கும் சரி.

— எனக்கு ரெண்டு நாளாக் குனிஞ்சு நிமிரேலாமல் நாரி உளைவு அண்ணை. இல்லாட்டி உங்களுக்கு முதல் நான் போட்டிருப்பன். அந்தப் பிள்ளை தூக்கிக்கொண்டு நிக்குது, பாவம். கை நோகும்.

— சரி, தாரும். என்ன பெரிய காரியம்.

— வேண்டாம்.

— ஞானேஸ், நீர் அங்காலை நில்லும். பிள்ளை, இந்த வாரைக் கொஞ்சம் இறக்கி விடும். ம், சரி. மற்றத் தோளுக்கு...

— வேண்டாமெண்டு சொல்லுறனெல்லே. கழட்டுங்கோ. இப்பவே கழட்டுங்கோ. நான் போடுறன்.

— உமக்கென்ன பிடிச்சிட்டுது? மானத்தை வாங்காதையும். அந்தப் பிள்ளை பாக்குது.

— பாக்கட்டும். பத்து வருசமாப் படி கழுவுறது நான். உடுப்புத் தோய்க்கிற அறையை மினுக்கிறது நான். கந்தோர்க் கடதாசியிலைதான் உங்கடை பேர், கையும் காலும் என்ரை. இலையையும் நானே ஊதுறன். தம்பி மகேந்திரன், உதை அவரின்ரை தோளாலை எடுத்து என்ரை தோளிலை ஏத்திவிடச் சொல்லுங்கோ.

— அக்கா, பதினொரு கிலோ அது.

— இருபது கிலோ அரிசி மூட்டையை மூண்டாம் மாடிக்கு ஏத்துறனான். பதினொண்டு என்ன? ம், ஏத்து பிள்ளை. இந்த வாரோ? இதுவும் கொழுவவேணுமோ? ஏறிச்சுது. பாத்தியளே, நிக்கிறன். இனி எப்பிடி ஸ்ராட் பண்ணுறது? மகேந்திரன், நீங்கள் ஏன் அங்கை போய்ச் சுவரோடை ஒட்டி நிக்கிறியள்? கிட்ட வந்து காட்டுங்கோ.

— இதிலை நிண்டே சொல்லுறன் அக்கா. சிவப்புப் பட்டனை அமத்தவேணும். பிறகு பின்னுக்கு இருக்கிற கயித்தை இழுக்கவேணும். பிள்ளை இழுத்துவிடும்.

— அந்தப் பிள்ளை உள்ளுக்கை ஆரோ கூப்பிட்டு ஓடிட்டாள். நில்லும் ஞானேஸ், ஆடாதையும். நான் இழுத்துவிடுறன்.

— நீங்கள் தூரப் போங்கோ. கிட்ட வராதேங்கோ எண்டு சொல்லுறன்.

— கயித்தை இழுக்கிறதுக்கு என்ன? ஒரு நிமிசம். குனிஞ்சு ஒரு இழுவை.

— அண்ணை, தொடாதேங்கோ! நெஞ்சை அந்த எஞ்சினிலை வைக்காதேங்கோ! இஞ்சாலை வாங்கோ, இஞ்சாலை!

— ஏன் மகேந்திரன் இப்பிடிக் கத்தினீர்? எனக்கு உயிர் போட்டு வந்தது.

— மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்னை அறியாமல் வந்திட்டுது. முதல் நீங்கள் இதிலை வந்து நில்லுங்கோ. இதிலை, எனக்குப் பக்கத்திலை. அக்கா, அந்த வாரைக் கழட்டி மெல்ல நிலத்திலை வையுங்கோ. இந்த மெசின் எங்களுக்கு வேண்டாம். பற்றரியிலை ஓடுறது ரெண்டு எடுப்பம்.

— கந்தோர் பெற்றோல் எண்டல்லோ சொன்னது?

— நான் கதைக்கிறன். நேர்ஸ் மனிசி கடிதம் போடப்போறா, சத்தம் கூடாது எண்டு சொல்லுவன். எல்லாம் என்ரை தலையிலை போடுறன், உங்கடை பேர் வராது.

— தம்பி, உங்களுக்கு என்ன தெரியும்? ஆர் சொன்னது? மறைக்காமல் சொல்லுங்கோ.

— ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா.

— நெஞ்சு எண்டு சொன்னியள். முதுகு எண்டு சொல்லேல்லை, கை எண்டு சொல்லேல்லை. நெஞ்சை வைக்காதேங்கோ எண்டு சொன்னியள். தம்பி, உங்கடை கையைப் பிடிச்சுக் கேக்கிறன். உங்கடை மச்சானுக்கு வேலை தேவை, எனக்குத் தெரியும். ஆனா எங்களுக்கும் அந்த வீட்டை விட்டா வேறை இடமில்லை. கந்தோருக்குத் தெரிஞ்சா இந்த மனிசன் வருத்தத்தாலை சாகாது, அந்தப் பயத்தாலை செத்துப்போகும். நானும் ரெண்டு மாசமா ஒழுங்காச் சாப்பிடேல்லை, சிரிக்கேல்லை. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.

— அக்கா, அழாதேங்கோ. கையை விடுங்கோ, அந்தப் பிள்ளை திரும்பி வரப்போகுது. பாலச்சந்திரனுக்கு சூரிச்சிலை வேலை சரிவந்திட்டுது, வாற மாசம் போறான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன்.

— எப்ப விளங்கினது உமக்கு? உண்மையைச் சொல்லும் மகேந்திரன்.

— ஜேர்மனியாலை வந்ததிலையிருந்து நீங்கள் இடக்கையைத் தூக்கேல்லை அண்ணை. குப்பை மூடியையும் வலக்கையாலை திறக்கிறியள். அப்ப எனக்கு ஒரு சந்தேகம். இண்டைக்கு அந்த வாசல் தூணுக்குள்ளாலை ஓடி வந்தியள் பாருங்கோ, அந்த ஓட்டத்திலை முழுக்க விளங்கீட்டுது.

— விளங்கின ஆள் பிறகென்னத்துக்கு என்னை அதை முதுகிலை போடச் சொன்னனீர்?

— பயத்திலை அண்ணை. நீங்கள் போடமாட்டன் எண்டு சொல்லுவியள், அதோடை பற்றரி எண்டு முடிச்சிடலாம் எண்டு நினைச்சன். நீங்கள் வீம்புக்குப் போட்டிட்டியள். அதை விடுங்கோ. இஞ்சை, இந்தப் பற்றரி மெசினைப் பிடிச்சுப் பாருங்கோ. இடக்கையாலை இல்லை, வலக்கையாலை. மோட்டர் இருக்கிற பக்கத்தை நெஞ்சோடை அணைக்காதேங்கோ. பற்றரிக்கு இதிலை பாதித் தூரம் காணும் எண்டு போட்டிருக்கு, எண்டாலும் நீங்கள் ஒரு சாணும் நாலு விரலும் விட்டே பிடியுங்கோ.

— என்ன சொன்னனீங்கள்?

— ஒரு சாணும் நாலு விரலும் அக்கா.

— அது நான் அடிமட்டம் வைச்சு அளந்த கணக்கு. என்ரை வீட்டுக் குசினியிலை அளந்த கணக்கு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நானும் அளந்தனான் அக்கா. கனடாவுக்குப் போறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டு, இஞ்சை ஆஸ்பத்திரிக் கட்டிலிலை மூண்டு கிழமை கிடந்தனான். எனக்கு வேறை என்ன வேலை?